கடலுக்கும் கண்டக்டருக்கும் மார்க் போட்டவன்

கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு மார்க் போடுகிறவன் நான். சிரிக்காதீர்கள், இதற்குச் சம்பளமே தருகிறார்கள். நாளைக்குக் கடலில் நீரோட்டம் எப்படி ஓடும், எங்கே சுழல் விழும் என்று கணினி மாதிரிகள் முன்கூட்டிச் சொல்லும். சொன்னது நடந்ததா என்று, கடலில் மிதக்கவிட்ட கருவிகளின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. நெட் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். எங்கள் ஊரில் நெட் வருவது தனிக் கூத்து.

"ஏனுங்க, கடலு எங்கியோ கெடக்குது. நீங்க இங்கிருந்து அதுக்குப் பரீட்சை வெக்கிறீங்க. அது படிக்குதாங்களா?" என்பாள் என் மனைவி. விவசாயம் முழுக்க அவள் கையில்தான். போன பங்குனியில், அவளே நட்டு நாலு வருஷம் காத்திருந்த மிளகுக் கொடிகள் முதல்முறையாக நிறையக் காய்த்தன. பறித்து, மிதித்து உதிர்த்து, வீட்டுக்கு முன்னால் இருக்கும் பாறையில் காயப் போட்டிருந்தாள். அப்படிக் காயும்போது ஒரு மழை விழுந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அவளுக்கு அந்த ஒரு வாரம் வேறு நினைப்பே இல்லை.

எனக்கு வேறு நினைப்பு. மேசையில் இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒன்று கடலைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பதில் சொல்லும். இந்த மலை மொத்தமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். இன்னொன்று பொடிக் கட்டக்காரன். சின்னச் சுழலைக்கூட விடாமல் காட்டுவான். ஆனால் கொஞ்சம் தள்ளிக் காட்டுவான். சுழல் இல்லாத இடத்தில் இருக்கிறது என்றதற்கு மார்க்கில் ஒரு அடி, இருந்த இடத்தில் இல்லை என்றதற்கு இன்னொரு அடி. சுழலையே பார்க்காமல் வழவழவென்று எதையோ சொன்ன பெரிய கட்டக்காரன் முதல் மார்க் வாங்கிவிட்டான். பொடியனை வேலையிலிருந்து தூக்கிவிடலாம் என்று அறிக்கை எழுதி, அனுப்பத் தயாராக வைத்திருந்தேன்.

அந்தத் திமிரில்தான் கண்டக்டருக்கும் மார்க் போட ஆரம்பித்தேன். காரவள்ளியிலிருந்து மலையேறி வரும் பஸ்ஸின் கண்டக்டர், வளைவுக்கு வளைவு வானத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கள் ஊர் வளைவில் திரும்புகையில் படியில் நின்று, "பைல் நாட்டுப் பக்கம் கருக்குதுங்க! ரெண்டு மணிக்கு மேல இங்க கொட்டும், மூடிருங்க!" என்று கத்துவார். எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு; பைல் நாடு எங்களுக்குப் பக்கத்தது. ஊரே தார்ப்பாயை இழுத்துப் போடும். பல நாள் மழை பக்கத்து நாட்டில் பெய்துவிட்டுப் போகும், அல்லது மூன்றரைக்குத்தான் வரும். என் போனிலோ, மலை முழுக்கத் தினமும் ஒரே வரி: லேசான மழைக்கு வாய்ப்பு. எங்கள் பாறையில், சொன்ன மணிக்கே பெய்ததா என்று மட்டும் கணக்குப் போட்டேன். எதையும் அடித்துச் சொல்லாத போன் ஜெயித்தது, கண்டக்டர் ஃபெயில்.

"அந்த அண்ணன் சொன்னா மூடிருங்க," என்று சொல்லிவிட்டு, மனைவி ஒரு நாள் காலை பஸ்ஸில் காரவள்ளியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். மதிய பஸ்ஸில் கண்டக்டர் கத்தினார். நான் வாசலில் நின்று, ஃபெயிலான பையனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துச் சிரித்தேன். வெயில் நன்றாக இருந்தது. உள்ளே போய் அறிக்கைக்கு எழுத்துப்பிழை திருத்தினேன்.

ரெண்டு மணி தாண்டியது, ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் தார்ப்பாயோடு ஓடுவதற்குள் மிளகு பாறையிலிருந்து ஓடை ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. கையால் அள்ளினேன், வேட்டியால் தடுத்தேன். ஐயோ, அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று அழுகையே வந்துவிட்டது.

மாலை பஸ்ஸில் இறங்கினாள். கண்டக்டரும் பாறையை எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், விசில் ஊதினார். நான் என் அட்டவணையைப் பற்றி என்னவோ உளறினேன். போனுக்குத்தான் மார்க் அதிகம் என்றேன்.

"உங்க போனு ஒரு நாளாச்சும் 'மூடு'ன்னு சொல்லுச்சுங்களா?" என்றாள். பாறையில் ஒட்டியிருந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டே, "அடுத்த வருசம் நானே பாத்துக்கறன். நீங்க கடலப் பாருங்க சாமி."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அறிக்கையை அன்றைக்கே அழித்தேன். பொடியனுக்குச் செய்ததையே கண்டக்டருக்கும் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மறுபடி கணக்குப் போட்டேன்: சுழலை அக்கம்பக்கத்தில் சொன்னால் அதற்கும் மார்க், கொஞ்சம் முன்னே பின்னே சொன்னாலும் மார்க். எவ்வளவு தூரம் தள்ளிப்போனால் மன்னிக்கலாம் என்று ஒவ்வொரு அளவாக விரித்துப் பார்த்தேன். கொஞ்சம் விரித்ததுமே பொடியன் முந்திவிட்டான். அவனை வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதினேன், அலுவலகத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. நனைந்து பூஞ்சணம் பூத்துப்போன மிளகை ஒரு டப்பாவில் போட்டு, லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஒரு வருஷம் என்னைப் பாறைப் பக்கமே விடவில்லை.

இந்தப் பங்குனியில் மறுபடி பாறையில் மிளகு காய்ந்தது. அவள் கொல்லையில் இருந்தபோது கண்டக்டர் கத்தினார். கொளுத்தும் வெயிலில் நான் விழுந்தடித்து ஓடி, தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்தேன். சாயங்காலம்வரை ஒரு துளி விழவில்லை. அவள் வந்து வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேயலியேங்க?"

"பைல் நாட்டுல பேஞ்சிருக்கும்," என்றேன்.

மேசைமேல் இருந்த டப்பாவை அன்றைக்குத்தான் எடுத்துக்கொண்டு போனாள்.