காப்புக் கட்டிய ஊரில் ஒரு பிரசவம்

ஊசி போடத் தெரிந்தால் கிராம சுகாதார நர்சு வேலைக்குப் போதும் என்று நம்பிச் சேர்ந்த அப்பாவிகளில் நானும் ஒருத்தி. நைனார்பாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு மாற்றிப் போட்ட பிறகுதான் தெரிந்தது, இங்கே ஊசியைவிட வாய்க்குத்தான் வேலை ஜாஸ்தி. என்னைப் போல மாட்டிக்கொண்ட நர்சுகளே, படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள்.

மாத்திரை போன வழி

பூங்கொடிக்குத் தலைப்பிரசவம். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தான். வீட்டில் அவளும் மாமியார் சின்னப்பொண்ணும் மட்டும்தான். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைவெளேர் என்றிருக்கும், ரத்தம் அவ்வளவு கம்மி. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தேன், ரத்தம் மட்டும் ஏறுகிற வழியாக இல்லை.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சின்னப்பொண்ணு மாத்திரையைப் பொடித்துத் தவிட்டில் கலந்து கோழிக்கு வைத்துக்கொண்டிருந்தார். மருமகள் தின்றால் வயிற்றில் பிள்ளை பெருத்துப்போய் வெளியே வராதாம்! தொண்டை வற்றக் கத்தினேன். அந்தம்மா அசரவே இல்லை.

"கத்தாத நர்சம்மா. நீ குடுத்தது ஒண்ணும் வீணாப் போவல. கோழி இன்னா தெம்பா முட்டை வுடுது பாரு!"

ரத்தசோகை விழிப்புணர்வு

பூங்கொடியைப் பற்றி மேலே சொன்னேன். கள்ளக்குறிச்சியிலிருந்து ரத்தம் வரும் என்று பார்த்தால் பேனர் வந்தது. பின்னாலேயே அதிகாரி ஒருத்தரும் வந்தார். மரவள்ளிக் கிழங்கும் சாமையும் விளைகிற ஊரில் நின்றுகொண்டு பேரீச்சை, மாதுளை, ஆப்பிள், பாதாம் என்று அடுக்கினார். ஊர்க்காரர்களைக் கைதட்டச் சொன்னோம், தட்டினார்கள். பூங்கொடி மட்டும் எழுந்து பணிவாகக் கேட்டாள்.

"இன்னா சார், எங்க ஊர்ல வெளையாததாப் பாத்துப் பாத்துச் சொல்றீங்க?"

லெட்டர் போடுங்க

அவளுக்கு நாள் நெருங்கும்போது ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. ஊர்த் தலைவரான கவுண்டர், பூங்கொடியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். இந்த உடம்போடு வீட்டில் பெற்று உதிரம் போக ஆரம்பித்தால், மலை வளைவெல்லாம் இறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவள் இருக்கமாட்டாள்.

சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி அதிகாரியைக் கூப்பிட்டு, அழாத குறையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வழி சொன்னார்.

"திருவிழாவைத் தள்ளி வைக்கச் சொல்லி அம்மனுக்கு... சாரி, கமிட்டிக்கு ஒரு லெட்டர் போடுங்கம்மா. காப்பி எனக்கு."

எல்லையில் பஞ்சாயத்து

மறுநாள் காலையிலேயே வலி எடுத்துவிட்டது. நான் சொல்லிவைத்திருந்த ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது, கவுண்டர் குறுக்கே நிற்கிறார். அதுவரை என்னோடு மல்லுக்கட்டிய சின்னப்பொண்ணு, வலியில் துடிக்கிற மருமகள் முகத்தைப் பார்த்தார். நேரே கோயில் வாசலுக்கு ஓடினார். ரெண்டு கை மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

"இவ எங்க படுத்தாலும் ஊரு மண்ணு மேலதான் படுப்பா. அப்புறம் இன்னா எல்லை?" என்றார். கவுண்டர் மோவாயைத் தடவினார், வானத்தைப் பார்த்தார், பெரிய மனசோடு வழிவிட்டார்.

"மண்ணு இருக்குதில்ல, அப்ப சரி. ஆனா கட்டிலுக்கு நேரா கீழ போடணும், தள்ளிப் போட்டாச் செல்லாது!"

வார்டில்

பயந்தபடியே உதிரம் போனது. ஆனால் போனது ஆஸ்பத்திரியில். தயாராக எடுத்து வைத்திருந்த ரத்தத்தை ஏற்றினார்கள், பூங்கொடி பிழைத்தாள். பெண் குழந்தை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழக்கூட விடவில்லை. கட்டிலுக்கு அடியில் மண்ணைப் பார்த்துவிட்டு வார்டு நர்சு தாம்தூம் என்று குதித்தார். பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்தார். சின்னப்பொண்ணு கட்டிலுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா, தொடப்பத்த அப்பால எடு. இது குப்பை இல்ல, எங்க ஊரு!"

ஆக, எங்கள் ஆபீஸ் ரிப்போர்ட்டில் அது ஆஸ்பத்திரிப் பிரசவம், கவுண்டர் கணக்கில் ஊருக்குள்ளேயே நடந்த பிரசவம், தாயும் பிள்ளையும் பிழைத்தது தங்களால்தான் என்று இரண்டு தரப்பாரும் இன்றுவரை எனக்குத்தான் வகுப்பெடுக்கிறார்கள்.