மூன்று பேர் நிற்கக் கூடாத கடற்கரை

நான் முதன்முதலில் பார்த்த கடல் ஒரு துணி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் கொட்டகையின் பின்சுவரில், இரண்டு ஆணிகளில் அதைத் தொங்கவிடுவார்கள். நீல அலைகள், ஓரத்தில் ஒரு தென்னை, தூரத்தில் ஒரு பாய்மரப் படகு, மேலே வெயில் கொளுத்துகிற வானம். பெர்த்தாம் ஆற்றிலிருந்து சாக்கில் கொண்டுவந்த மணலை அதன் முன்னால் பரப்பினால் கடற்கரை தயார். வாயைத் திறந்தால் புகை வருகிற கேமரன் மலைக் குளிரில், கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்தக் கடற்கரையில் நாங்கள் வெறுங்காலோடு நின்று நடுங்குவோம். சில சமயம் எங்களுக்கும் கடலுக்கும் நடுவே மூடுபனி புகுந்துவிடும். "கொஞ்சம் பொறுங்க, கடல் தெரியட்டும்" என்று சின்னக் கிராணி படப்பெட்டியைப் பிடித்தபடி காத்திருப்பார்.

சின்னக் கிராணி தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர். ஒல்லியான மனிதர், நடக்கும்போது முன்னால் கொஞ்சம் சாய்ந்திருப்பார், ஏதோ தவறிப்போனதைத் தரையில் தேடுகிறவர் மாதிரி. ஊருக்குப் போன ஒரு துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன படப்பெட்டி அது. கடலோ, மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த நாடகக்காரர்கள் திரும்பும்போது லோரியில் இடமில்லாமல் விட்டுப்போன படுதா. ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளை அந்தப் படுதாவின் முன் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுப்பார். பெற்றவர்கள் அதைத் தமிழ்நாட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் படத்தைப் பார்த்த அத்தை, 'பிள்ளைகளை அலையில் இறங்க விடாதே' என்று எழுதியிருந்தார். அப்பா அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லி மூன்று நாள் சிரித்தார். "கடலப் பாக்கணும்னா நாம லோரியில வாந்தி எடுத்துக்கிட்டே ஒரு நாள் போகணும்லா" என்பார்.

சின்னக் கிராணியின் படங்கள் எல்லாம் பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். கறுப்பு வெள்ளையில் கழுவிய படத்தை மறுபடி ஏதோ ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறப்போடுவார். தேயிலைச் சாயம் ஏறுவதுபோல் மெல்ல நிறம் மாறும். பழுப்பு ஏறிய படம் சீக்கிரம் வெளுக்காது என்பது அவருடைய கட்சி. அந்த மருந்துக்கு அழுகிய முட்டை நாற்றம். அவர் வீட்டுப் பக்கம் நாற்றம் அடித்தால், யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள் கடலுக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்று லயத்தில் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் கண்டிப்பு. மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுக்கக் கூடாது; எடுத்தால் நடுவில் நிற்பது தங்காது. இதை யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது, மீறிப் பார்க்கிற தைரியமும் யாருக்கும் இல்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சின்னக் கிராணி ஒரு வழி வைத்திருந்தார். தன் மகளைக் கூப்பிட்டு நான்காவதாக நிறுத்திவிடுவார். என் வயதுதான் அவளுக்கு, என் சிநேகிதியும்கூட. தோட்டத்தில் பாதி வீடுகளின் படத்தில் அவள் இருப்பாள். அத்தை பார்த்துப் பயந்த எங்கள் படத்திலும் அவள் நின்றாள். 'நாலாவது பிள்ளை எப்ப பிறந்தது?' என்றும் அதே கடிதத்தில் அத்தை கேட்டிருந்தார்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு எட்டு வயது. துரைமார்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள், பெரிய கிராணியும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டார். தேயிலையில் பாதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம். அரிசி கண்ணுக்குத் தெரியாத பொருளாயிற்று. படப்பெட்டி ஒரு தேயிலைப் பெட்டிக்குள் தூளுக்கு அடியில் போயிற்று. பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றார்கள். முதல் தடவை கல்யாணமாகாத இளவட்டங்களைக் கொண்டுபோனார்கள். அடுத்த தடவை பிள்ளைகுட்டிக்காரர்கள் இருபது பேர். பெயர்ப் பட்டியலை எழுதியது சின்னக் கிராணியின் கை. அதில் என் அப்பாவின் பெயர் இருந்தது.

அவர் ஏன் அப்பாவை எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுவதில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. பலசாலிகளாகப் பார்த்து எழுது என்று உத்தரவு வந்திருக்கலாம். அவர் எழுதாமல் விட்டிருந்தால் ஜப்பான்காரன் லயத்துக்குள் புகுந்து கைக்கு அகப்பட்டவனை இழுத்துப் போயிருப்பான் என்று சிலர் சொன்னார்கள். அம்மாவிடம் இந்த நியாயம் எதுவும் எடுபடவில்லை. "பேனாவப் பிடிச்சது அவர் கைதானே" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை.

பட்டியலில் இருந்தவர்களை இரண்டு நாள் முன்னதாகவே தேயிலைக் கிடங்கில் அடைத்துவிட்டார்கள். அப்பா அங்கிருந்தபடி சின்னக் கிராணியிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: பிள்ளைகள் மூன்று பேரையும் ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், கையோடு கொண்டுபோகிறேன். பெட்டியில் ஒரு படத்துக்கான பிலிம்தான் மிச்சம் இருந்தது. தூளுக்கு அடியிலிருந்து அதை அவர் எங்களுக்காக எடுத்தார்.

அன்று சாயங்காலம் ஜப்பான் அதிகாரி தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தான். சின்னக் கிராணி கொட்டகையின் பின்னால் கடலைத் தொங்கவிட்டு மணலையும் பரப்பி வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா கேட்டது என்பதால்தான் அம்மா வந்தாள். அண்ணன் வலது பக்கம், தங்கை இடது பக்கம், நான் நடுவில் என்று நின்றோம். சற்றுத் தள்ளி அவருடைய மகள், துவைத்த கவுனும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாகக் காத்திருந்தாள். எப்போதும்போல அவர், "நீயும் போய் நில்லும்மா" என்று அவளிடம் சொன்னார். அவள் மணலில் கால் வைப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள்.

"அந்தப் பிள்ள என் பிள்ளைங்களோட நிக்க வேணாம்."

சின்னக் கிராணிக்கு முகம் செத்துவிட்டது. "மூணு பேரா நிக்கக் கூடாதேம்மா. அப்ப நீங்களாச்சும் நில்லுங்க."

"உங்க பெட்டி முன்னால நான் நிக்க மாட்டேன் ஐயா."

வேறு ஒரு பிள்ளையைக் கூப்பிடலாம் என்று அவர் லயத்துப் பக்கம் பார்த்தார். பட்டியல் எழுதியவரின் முன்னால் தன் பிள்ளையை நிறுத்த அன்று அங்கே ஒருவரும் தயாராக இல்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. "வெளிச்சம் போகுதும்மா" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். அம்மா ஒரு கணம் எங்கள் மூவரையும் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வேணாம், வா."

அந்த இரண்டு வார்த்தைகளை நான் எத்தனை வருடம் சுமந்தேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. நீ வேண்டாம். படம் எடுக்கிறவரை அம்மா என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி எனக்கு உறைக்கவில்லை, வார்த்தைதான் உறைத்தது. எதிர்ப்பக்கம் கிராணியின் மகளும் என்னைப் போலவே வெளியே நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. முட்டையைப் பார்த்தே பல மாதம் ஆகியிருந்த காலம் அது. கிராணி வீட்டில் முட்டை பதுக்கி வைத்து அழுகவிட்டிருக்கிறார்கள் என்று பசியில் ஒருத்தி அவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மிச்சம் இருந்த கடைசி மருந்தை அவர் என் அப்பாவின் படத்துக்காகக் கரைத்திருந்தார் என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் லோரி வந்தது. மலையிறங்கித் தாப்பாவுக்குப் போய், அங்கிருந்து ரயில் என்றார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றும் சொன்னார்கள். சின்னக் கிராணி கூட்டத்துக்குள் நுழைந்து படத்தை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா படத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தார்.

"பெரிய பொண்ணு எங்க?"

அப்பா லோரியில் இருந்தபடியே குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் அதற்குமுன் என்னைப் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்பா என்னை மறந்துவிடுவார் என்று எனக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது. மற்ற இரண்டு பேரையும் தினமும் பார்ப்பார், என்னை எதில் பார்ப்பார்? இதைக் கேட்க வாயெடுப்பதற்குள் லோரி கிளம்பிவிட்டது.

மூன்று மாதம் என்பது இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மரவள்ளியும் கீரையும் தின்று கைகால் வீங்கினோம். தங்கை ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு நான்காம் நாள் போய்விட்டாள். படத்தில் நின்றவள் அவள், நடுவில்கூட நிற்கவில்லை. அம்மா அதற்கு அழவில்லை. அழுவதற்கும் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்போல.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து ஒருவர் வந்தார். முதல் தடவை கொண்டுபோகப்பட்ட இளவட்டங்களில் ஒருவர். எலும்புக்குமேல் தோலைப் போர்த்தியது போலிருந்தார். சயாமில் அப்பாவும் அவரும் ஒரே கொட்டகையில் கிடந்திருக்கிறார்கள். அப்பா மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டதாகவும் படத்தைச் சட்டைப் பையோடு வைத்துப் புதைத்ததாகவும் சொன்னார். அம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்தப் பாக்காதவன் எங்க கொட்டாயில ஒருத்தன் கிடையாது அண்ணி. எல்லாருக்கும் காட்டுவாரு. இது மவன், இது கடக்குட்டி, அவ்ளோதான் சொல்லுவாரு. அப்புறம் நடுவுல மணல் மேல வெரல வெச்சிருவாரு. இங்க ஒருத்தி நிக்கிறான்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. அவ நடக்கிறது, அவ ரோஷம், அவ சோறு திங்கிற அழகு, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். வெரல் பட்டுப் பட்டு அந்த எடமே தேஞ்சு போச்சு."

அம்மா கேட்டாள்: "கோவமா சொன்னாரா?"

"எத அண்ணி?"

"அவ படத்துல இல்லாதத."

"இல்ல அண்ணி. அவளுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு அவ ஆத்தா பிடிச்சு வெச்சுக்கிட்டாம்பாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு."

அம்மா அப்போதுதான் அழுதாள். அப்பாவுக்கும் தங்கைக்கும் சேர்த்து, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். பக்கத்திலேயே இருந்த எனக்குப் புரியாதது, சயாம் காட்டில் படத்தை மட்டும் வைத்திருந்த அப்பாவுக்குப் புரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அம்மா என்னை அனுப்பினாள். "கிராணி ஐயாகிட்ட அந்தப் படம் இன்னொண்ணு போட முடியுமான்னு கேட்டு வா." பட்டியல் எழுதிய நாளிலிருந்து அவரை அவள் ஐயா என்று சொல்லிக் கேட்டது, படம் எடுத்த அன்று கோபத்தில் ஒருமுறை, அதற்குப்பின் இப்போதுதான். பிலிமை அவர் தேயிலை டின் ஒன்றில் பத்திரமாக வைத்திருந்தார். மருந்து கிடைக்கச் சில மாதம் பிடித்தது. பழுப்பு ஏற்றிய படத்தை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலுக்கு வெளியே நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "எல்லாரையும் நான்தாம்மா எழுதுனேன்" என்றார். அது மன்னிப்புக் கேட்பதுபோலவும் இல்லை, சமாதானம் சொல்வதுபோலவும் இல்லை.

அம்மா வாசலுக்கு வந்தாள். அவர் மகளின் தலையைத் தொட்டு, "உள்ள வாங்க" என்றாள். அன்று மரவள்ளிக்கிழங்கும் தேத்தண்ணியும்தான் இருந்தன. சாப்பிட்டார்கள்.

அந்தப் படத்தை முதன்முதலாக நிதானமாகப் பார்த்தது அன்றுதான். அண்ணன் ஒரு பக்கம் விறைத்து நிற்கிறான். தங்கை மறுபக்கம் வாயில் விரலோடு நிற்கிறாள். அவசரத்தில் சின்னக் கிராணி இருவரையும் நெருங்கி நிற்கச் சொல்ல மறந்துவிட்டதால் நடுவே இடைவெளி அப்படியே இருக்கிறது. அந்த மணலில் இரண்டு சின்னக் காலடிகள். குதிகால் அழுந்தி, ஐந்து விரலும் தெரிகின்றன.

அம்மா போய் நாற்பது வருடமாகிறது. சின்னக் கிராணி எந்த ஊரில் எப்போது போனார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தோட்டத்தை விட்டுப் போனவர் கடிதம் எழுதவில்லை. நான் அதன்பின் எத்தனையோ கடற்கரைகளில் நின்றுவிட்டேன், பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் என்னை எத்தனையோ விதமாகப் படம் எடுத்துவிட்டார்கள். கூடத்தில் மாட்டியிருப்பது அந்த ஒரு படம்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இதில் நீங்கள் எங்கே பாட்டி?" என்று கேட்கிறார்கள். நான் எழுந்து போய், அப்பா விரல் வைத்த இடத்தில் என் விரலை வைக்கிறேன்.