களத்தில் வாய் திறந்த முதியான்சே

எங்கள் கல்வெவ கிராமத்தில் முதியான்சேயைப் போல் ஒரு வாயாடி இன்னும் பிறக்கவில்லை. குளத்தடியில் அவர் பேச ஆரம்பித்தால், குளித்து ஏறியவன் தலை காய்ந்த பிறகுதான் வீடு போய்ச் சேருவான். நல்ல மனுஷன்தான். ஆனால் களத்துக்கு அந்த வாய் ஆகாது.

எருமைகளை விட்டுக் கதிர் மிதிக்கும்போது எங்களுக்குத் தனிப் பேச்சு. எருமையை 'அம்பருவா' என்றுதான் சொல்ல வேண்டும். குறைந்தது, முடிந்தது என்று யாரும் மூச்சுவிடக் கூடாது. பூதங்கள் கேட்டால் களத்து நெற்பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும். போன வருஷம் எங்கள் ஊர் லொக்குபண்டாவின் களத்தில் நின்றுகொண்டு முதியான்சே, "எருமையே சிரிக்குது, நெல்லு அதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்!" என்றார். அப்போதே துரத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. நாம் மற்றவர் களத்துக்குப் போனால்தானே நம் களத்துக்கு ஆள் வரும்? இந்தப் போகத்தில் அவருக்கு நல்ல விளைச்சல். அடுக்கிய கதிர் களத்தில் கிடந்தது, வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டு லொக்குபண்டாவிடம் போய் நின்றார்.

லொக்குபண்டா சொன்னார்: "நாளைக்கு என்ட களம். வாய மூடிக்கிட்டு நிக்க ஏலுமா மச்சான்? நின்டா, மறுநாள் எல்லாரும் ஒன் களத்துக்கு வாறோம்."

"நிக்கிறேன் மச்சான். நெல்லு நனைஞ்சா பிள்ளைகளுக்குச் சோறில்ல."

வந்தார். நாங்கள் சும்மா விடுவோமா? "என்ன மச்சான், பல்லு வலியா?" என்று சீண்டினோம். ம்ஹூம்! உச்சிவெயில் வரை ஊமையாகவே எருமைகளின் பின்னால் நடந்தார். அப்போது பெரிய கடா ஒன்று அவர் கால்மேல் ஏறி நின்றுவிட்டது. பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். லொக்குபண்டாவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. எல்லோரும் முதியான்சேயின் வாயையே பார்த்தோம்.

கண்ணில் நீர் முட்ட அவர் கத்தினார்: "அம்பருவா... என்ட ராசா... ஒன் பொன்னான கால... கொஞ்சம் தள்ளி வையப்பா... பொலி பெருகட்டும்!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

மறுநாள் பன்னிரண்டு எருமைகளோடு அவர் களத்தில் நின்றோம். காலில் கட்டோடு அவரும் நொண்டிக்கொண்டே வந்தார். லொக்குபண்டா அவரைப் பிடித்து வரப்பில் உட்கார வைத்தார்.

"வேலைய நாங்க பாக்கிறோம். நீ களத்துப் பாட்டச் சொல்லு மச்சான். நேத்து ஒன் சத்தமில்லாம எங்களுக்குக் காலே ஓடல்ல."

முதியான்சே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மழை இறங்கியபோது நெல் வீட்டுக்குள் இருந்தது. அவர் வரப்பில் நனைந்தபடி இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.