ஓடுற ஊட்டுக்குத் தரை

நிற்கிற வீட்டுக்குத் தரை போட்டால் ஒருநாள் வேலை முடியும்; ஓடுகிற வீட்டுக்குத் தரை போட்டால் வண்டி போகிற ஊரெல்லாம் நம்மைத் திட்டிக்கொண்டே போகும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் ஷெட். பழைய வேன், பஸ்களில் கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றிக் கொடுப்போம். தரை என் பாடு. வாடிக்கையாளர்களிடம் வதைபட்ட சக தொழிலாளிகளே, ஒரே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் பொய் கலந்திருக்கும். எது என்று கேட்காதீர்கள்.

வேப்பம்பட்டு ஏகாம்பரம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கமலம்மாவுக்கு முட்டிவலி. ரயிலில் காலை நீட்ட முடியாது. அதனால் பழைய கம்பெனி வேன் ஒன்றை வாங்கி, அதிலேயே அவரைக் காசிக்குக் கூட்டிப்போகத் திட்டம். அந்த அம்மாவுக்கு ஒரே நிபந்தனை: தரை தன் வீட்டுத் தரை மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியில் ஏற மாட்டார்; காசியும் கிடையாது.

பளபளா டைல்ஸ்

வண்டி ஓடும்போது உடம்பை முறுக்கும், டைல்ஸ் தாங்காது என்றேன். கமலம்மா கேட்கவில்லை. வெள்ளை டைல்ஸ் ஒட்டி, மூவரும் வெள்ளோட்டம் போனோம். கவரைப்பேட்டைக்குள் ஏழு வேகத்தடை. முதலாவதில் விரிசல், மூன்றாவதில் தாளம், ஏழாவதில் ஒரு டைல்ஸ் எகிறி, ஜன்னல் வழியாகப் பறந்து, டீக்கடை மேசையில் போய் உட்கார்ந்தது. கடைக்காரர் சளைக்காமல் அதன்மேல் வடையை அடுக்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். கமலம்மா என் பக்கம் திரும்பினார்: “எங்க ஊட்ல இத்தினி வருசமா ஒண்ணு கூட ஆடல. நீ ஒட்டின லட்சணம் அப்டி, மேஸ்திரி!”

வெள்ளிக்கிழமை

டைல்ஸைப் பெயர்த்துவிட்டு பிளைவுட் அடித்து, மேலே மர நிறத்தில் வினைல் விரிப்பு ஒட்டினேன். “ஈரத்துணியால் துடைத்தால் போதும்” என்று நாலு தடவை சொன்னேன். கமலம்மா நாலு தடவையும் தலையாட்டினார்.

வண்டி அவர்கள் வாசலுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமையும் வந்தது. மூன்று குடம் தண்ணீர், தென்னந்துடைப்பம். அடுத்தடுத்த வெள்ளிகளிலும் அதே அபிஷேகம். தண்ணீர் ஓரமாக இறங்கி, பிளைவுட் பூரி மாதிரி உப்பிவிட்டது. நான் போனபோது உள்ளே நின்ற ஏகாம்பரத்தின் தலை கூரையில் இடித்தது; மனுஷர் ஐந்தடிதான்.

“துடைக்கத்தானேம்மா சொன்னேன்?” என்றேன்.

“தொடைக்கிறதுக்கு இது இன்னா ஆபீசா? ஊடுன்னா கழுவித்தான் ஆவணும்!”

பால் காய்ச்சின நாள்

ஏகாம்பரம் என்னைத் தனியே இழுத்துப்போனார். “மேஸ்திரி, தை பொறந்ததும் கெளம்பணும். இந்த தபாவும் பேஜாராச்சுன்னா அவ ஏறவே மாட்டா.”

இம்முறை நான் யாரையும் கேட்கவில்லை. தண்ணீர் தாங்கும் பிளைவுட், ஓரமெல்லாம் சிலிக்கான், மேலே தடித்த ரப்பர் விரிப்பு, கழுவின தண்ணீர் இறங்க மூலையில் ஓர் ஓட்டை. உறுதியான தரை, நிறம் மட்டும் எருமை. கமலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊடுன்னா முதலில் கிரகப்பிரவேசம், மற்றதெல்லாம் அப்புறம் என்றுவிட்டார்.

பசுமாடு வந்தது. பலகை சாய்த்துப் பின்கதவு வழியாக ஏற்றினோம். வழுக்காத ரப்பரில் அது ஒய்யாரமாக நடந்து, சமையல் மேடையை முகர்ந்து பார்த்துவிட்டு, கட்டிலருகே படுத்து அசைபோட ஆரம்பித்தது. புல் காட்டினோம், வாழைப்பழம் காட்டினோம். ஐயர் மந்திரத்தை முதலிலிருந்து சொன்னார். மத்தியானம் வரை அசையவில்லை. போதாக்குறைக்குக் கோமியமும் விட்டது. அது ஒரு சொட்டுத் தேங்காமல் மூலை ஓட்டை வழியாக இறங்கிப் போயிற்று.

கமலம்மா வாசலில் நின்று அதைக் குனிந்து கவனித்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு தானே பலகையில் ஏறி, மாட்டுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து புருஷனை அதட்டினார்: “மாட்டுக்கே எறங்க மனசு வரல. இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? அத எறக்கிட்டு வண்டிய எடு, காசிக்குப் போலாம்!”

எந்த என்ஜினியரும் எனக்கு நின்றுகொண்டு கொடுக்காத நற்சான்றிதழை, கடைசியில் ஒரு மாடு படுத்துக்கொண்டே கொடுத்தது.