தாம்பாளத்தில் வந்த சைக்கிள்

எங்கள் அத்தையின் கல்யாணத்துக்கு வந்தவர்கள், சாப்பாட்டை மறந்தாலும் வரிசைத் தட்டுகளை மறக்கவில்லை. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், நடுவில் ஒரு ஜோடி பெடல். அடுத்ததில் ஆப்பிள் பழங்கள், அவற்றைச் சுற்றி வளைத்து வைத்த செயின். சித்தப்பா இரண்டு தோளிலும் ஒவ்வொரு சக்கரத்தை மாட்டிக்கொண்டு மேளக்காரர்களுக்குப் பின்னால் நடந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் பார் வைத்த தட்டு என் கையில். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி என்னை நிறுத்தி, “இன்னாம்மா இது?” என்று கேட்டாள். “எங்க அத்தையோட சைக்கிளு. மீதி பின்னாடி வருது” என்றேன். அன்றைக்கு எனக்கிருந்த பவிசு மணப்பெண்ணுக்குக்கூட இருந்திருக்காது.

அத்தை அப்பாவின் தங்கை. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்தவள், வேலையும் கிடைத்து, அல்சூரில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆபீசில் தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் ரேஸ் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டுவாள். நான் எழுந்து பல் விளக்குவதற்குள் ஆனேக்கல் வரை போய்த் திரும்பி, வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நிற்பாள். “ஒசூர் ரோட்டுல ஒரு இறக்கம் இருக்குடி, கண்ணுல தண்ணி வரும்” என்பாள். திங்கட்கிழமை சைக்கிள் உரியவளிடம் போய்விடும். அதற்கப்புறம் ஆறு நாளும் அத்தை எல்லோரையும் போலப் பேருந்தில் போவாள்.

தனக்கென்று ஒன்று வேண்டும், அதுவும் கடையில் முழுசாக நிற்பது வேண்டாம், ஒவ்வொரு உறுப்பாகப் பொறுக்கி எடுத்துத் தன் கையால் பூட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. கல்யாணம் நிச்சயமானதும் அதற்கு வழி கிடைத்தது. சீருக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சைக்கிளில் ஒரு பங்கைக் கேட்டாள்.

“மிக்ஸி, குக்கரு எல்லாம் சும்னே எதுக்குக்கா? நீங்க பிரேக் வாங்கிக் குடுங்க” என்றாள் என் பெரியம்மாவிடம்.

“பிரேக்கா? அதை இன்னான்னு சொல்லிடி நான் கடையில கேக்குறது?”

கடையின் பெயரையும் பொருளின் பெயரையும் பெரியம்மாவின் போனில் அத்தையே பதிவு செய்து கொடுத்தாள். எல்லாவற்றிலும் பெரியது ஃபிரேம். அதை அண்ணன்தான் வாங்க வேண்டும் என்று அப்பா முந்திக்கொண்டார். நானும் வருகிறேன் என்று கிளம்பிய அத்தையை அம்மா அதட்டி உட்கார வைத்தாள். கல்யாணப்பெண் தன் சீரைத் தானே கடைக்குப் போய் வாங்கினால் ஊர் சிரிக்காதா? “சரி, கடையில உயரம் கேப்பாங்கண்ணா, மறக்காம சொல்லிடு” என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அப்பாவோடு நான் போனேன். கூரையிலிருந்து ஃபிரேம்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. அத்தை சொன்ன அதே சிவப்பு, அதே மாடல். கடைக்காரர், “ஹைட் எஷ்டு சார்?” என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். “மாப்ளே, உங்க ஹைட்டு இன்னா?” என்று கேட்டுக் கடைக்காரரிடம் சொன்னார். மாப்பிள்ளையை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பளபளக்கும் சிவப்பில் என் மூக்கு கோணலாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் பட்டுவிடும் என்று அதைப் பொன்னிறத் தாளில் சுற்றச் சொன்னார் அப்பா. மண்டபத்திலும் யாரும் அதைப் பிரிக்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்கு அத்தையும் புது மாமாவும் சைக்கிள் உறுப்புகளோடு வந்த அன்று எனக்கு இட்லி இறங்கவில்லை. அத்தைக்கும்தான். பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய சுடிதாரில் வந்து போர்டிகோவில் பாய் விரித்து உட்கார்ந்தாள். தாளை நான்தான் கிழித்தேன். சிவப்பைப் பார்த்ததும் இரண்டு பேரும் கூச்சல் போட்டோம். அத்தை மட்டும் ஒரு கணம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “பெருசாத் தெரியுதில்ல?” என்றாள். நான் அதற்குள் திருகுசாவிகளை எடுக்க உள்ளே ஓடியிருந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் திருவிழா. முன் ஃபோர்க் ஏறியது, சக்கரம் ஏறியது, பெரியம்மாவின் பிரேக் கட்டை கவ்விப் பிடித்தது. பெரியம்மா அதைப் பத்து தரம் அழுத்திப் பார்த்து, “நான் வாங்கினது!” என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். இடது பெடலோடு சித்தப்பா மல்லுக்கட்டினார். அது மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும் என்று அத்தை சொன்னதும் கல்யாண வீடே சிரித்தது. சாவி என்றால் சாவி, எண்ணெய் என்றால் எண்ணெய் என்று நான் பறந்துகொண்டிருந்தேன். கடைசியில் செயினைக் கோத்து அத்தை பெடலைச் சுழற்றினாள். பின்சக்கரம் கிர்ரென்று சுற்றியது. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தது.

தெருவில் இறக்கி, அத்தை காலைத் தூக்கிப் போட்டாள். நடுக்கம்பி இடித்தது. நுனிக்காலில் நின்றும் சரியாகத் தரையைத் தொட முடியவில்லை. சீட்டைக் கீழே இறக்கினோம். பெடல் அடியில் போனபோது பாதம் நழுவியது, ஹேண்டிலை எட்டிப் பிடித்தால் படுத்தது போல் ஆனது.

“அண்ணா, உயரம் சொன்னியா?”

“சொன்னேனே! மாப்ளைக்கே போன் பண்ணிக் கேட்டுச் சொன்னேன்.”

“ஓட்டப்போறது நான்தானேண்ணா?”

அப்பா பேந்தப் பேந்த விழித்தார். சீரில் வருகிற வண்டி, ஸ்கூட்டரானாலும் காரானாலும், மாப்பிள்ளை ஓட்டத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்திருக்கவில்லை. அங்கிருந்த வேறு யாருக்கும் வந்திருக்கவில்லை. மாற்றித் தருவார்களா என்று அத்தை மெதுவாகக் கேட்டாள். மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுத்த சீரைத் திருப்பிக் கொடுப்பதா என்று பெரியம்மா பதறினாள். அம்மா அத்தையின் தோளைத் தொட்டு, “உடுடி, நல்ல நாளு” என்றாள்.

மாமா கெட்டவர் இல்லை. “நான் வேணா ஒரு ரவுண்டு பாக்கட்டா?” என்று கூச்சத்தோடு கேட்டு, ஏறி மிதித்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை போல அது அவருக்குப் பொருந்தியது. தெருமுனை வரை போய்ச் சர்ரென்று திரும்பி வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் சைக்கிள் ஓடிவிட்டதே!

“சூப்பரா இருக்கு. சீட்டு மட்டும் கொஞ்சம் கம்மி” என்றார் மாமா.

அத்தை என்னிடம் கையை நீட்டினாள். நான் திருகுசாவியைக் கொடுத்தேன். குனிந்து, திருகைத் தளர்த்தி, சீட்டை மாமாவின் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாள். பிறகு அது ஒருபோதும் இறங்கிவிடாதபடி அவ்வளவு பலமாக முடுக்கினாள்.

“இவ்ளோ மேல வச்சா உனக்கு எட்டவே எட்டாதே அத்தை!” என்று நான் சிரித்தேன்.

“எட்டாதுடி” என்று அவளும் சிரித்தாள்.

அவள் சிரித்ததால் நான் இன்னும் பலமாகக் கைதட்டினேன்.