எட்டாவது ஆணி

சிவக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கும்போது முதலில் ஒரு சீறல் வரும், பிறகு ஒரு முனகல், கடைசியில் கொட்டாங்கச்சி கருகியது போல ஒரு வாடை. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூட்டுப் பட்டறையில் இந்த மூன்றும் இதே வரிசையில் வருவதைக் கேட்டும் முகர்ந்தும் வளர்ந்தவள் நான். இன்றைக்கும் யாராவது காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என் கை தானாக மடியைப் பொத்திக்கொள்ளும். அந்த மடியில் ஒரு கோடைகாலத்தில் நான் எதை ஒளித்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பா சூசை பூட்டுச் செய்பவர். பூட்டின் வளையத்துக்கு மட்டும் அவர் லாரிகளின் பழைய வில்லுப்பட்டையை வாங்கி, அடித்து நீட்டி, சிவக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் முக்குவார். அதற்குப் பட்டறையில் "துவைச்சல்" என்று பெயர். துவைச்சல் ஏறிய வளையத்தை இரும்பு ரம்பத்தால் அறுக்க முடியாது. "திருடன் ரம்பத்துக்குத்தான் பல்லு கொட்டும், என் வளையத்துல கீறல் விழாது" என்று வாங்க வருபவர்களிடம் சொல்லுவார். அதிகம் பேசாத மனிதர், இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் கழுத்து நிமிரும்.

அவருடைய தம்பி சவரிநாதன், என் சித்தப்பா, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். பாறைகளை வரையப் போய்ப் பாறை ஏற ஆரம்பித்தவர். எனக்குத் தெரிந்தவரை திண்டுக்கல் வட்டாரத்தில் இடுப்பில் கயிறு கட்டி, ஆணி இறக்கி, செங்குத்துப் பாறைகளில் ஏறியவர் அவருக்கு முன்னால் யாரும் இல்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லை, கருவி விற்கக் கடையில்லை. கிணறு வெட்டுபவர்களின் கயிறும், கல் உடைப்பவர்களின் உளியும், அண்ணனின் பட்டறையும்தான் அவருக்கு இருந்தவை. ஒவ்வொரு பாறையையும் கோடு போடாத பெரிய நோட்டில் பென்சிலால் வரைந்து, எந்த வெடிப்பில் கை, எந்த மேட்டில் கால் என்று குறித்து, கிழமையும் காற்றும் எழுதி வைப்பார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் தேதிப் பைத்தியம் பிடித்தது. அன்றாடம் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்று நடந்ததை இரண்டு வரி எழுதி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைப்பேன். அந்த டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு தாள் மட்டும் வெற்றுத் தாள்.

நான் ஏழாம் வகுப்பு முடித்த விடுமுறையில், உயிர்த்த ஞாயிறு போன அடுத்த வாரம், சித்தப்பா குஜிலியம்பாறைப் பக்கத்தில் உள்ள கூகைப்பாறையின் வடக்கு முகத்தில் ஏறுவதென்று முடிவு செய்தார். தெற்கே ஆடு மேய்ப்பவர்கள் ஏறும் சரிவு உண்டு. வடக்கே எதுவும் கிடையாது. மானாவாரிக் காட்டின் நடுவில் திடீரென்று எழுந்து நிற்கும் ஒற்றைச் சுவர் அது. மேலே உள்ள பொந்துகளில் கூகை என்னும் பெரிய ஆந்தைகள் அடைந்து, பாறை நெடுக வெள்ளை வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அழுத முகம் போல இருக்கும்.

அதற்காக அப்பா ஆணிகள் செய்து கொடுத்தார். ஒரு சாண் நீளம், தலையில் ஒரு வளையம். பாறையில் உளியால் ஆணியின் அளவுக்கே துளை போட்டு, ஆணியை மெல்லத் தட்டி இறக்கி, அதன் வளையத்தில் ஒரு கொக்கியை மாட்டி, கொக்கிக்குள் கயிற்றை ஓடவிட வேண்டும். ஏறுபவர் விழுந்தால், கீழே கயிற்றைப் பிடித்திருப்பவரும் கடைசியாக மாட்டிய ஆணியும்தான் அவரைத் தாங்க வேண்டும். முதல் தடவை அப்பா துவைச்சல் போடாத சாதாரணப் பச்சை இரும்பில் செய்தார். சித்தப்பா மலைக்கோட்டைப் பாறையின் அடியில் மூன்றை இறக்கித் தொங்கிப் பார்த்துவிட்டு மாலையில் வந்து பட்டறை மேசையில் போட்டார். மூன்றும் வளைந்திருந்தன.

"என்னண்ணே, நான் ஏறுறதுக்கு முன்னாடியே உன் ஆணி முழங்கால் போட்டுருச்சு. பூசைக்கு வந்ததுன்னு நெனைச்சிருச்சு போல."

சித்தப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"வளையாம வேணும், அம்புட்டுதான? செத்த பொறு. பூட்டு வளையம் மாதிரியே செஞ்சு தாரேன். அப்புறம் பேசு."

அடுத்த நாலு நாளும் வீட்டில் அந்தச் சீறலும் முனகலும் வாடையும்தான். வில்லுப்பட்டையில் பன்னிரண்டு ஆணிகள். பூட்டுக்கு எண் அடிப்பது போல ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் அடித்து, துவைச்சல் போட்டு, எண்ணெய் தடவிக் கறுப்பாக்கி வரிசையாக வைத்தார். சித்தப்பா வந்து இரண்டை ஒன்றோடொன்று மெல்லத் தட்டிப் பார்த்தார். மணி போலச் சத்தம் வந்தது. "இதுதாண்ணே இரும்பு" என்றார். அப்பாவின் கழுத்து நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், ஆணிகளைச் சாக்குப்பையில் எடுத்து வைக்கும் வேலை எனக்கு. எட்டாம் எண் ஆணி எண்ணெய் வழுக்கிக் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. இடுப்பு உயரத்திலிருந்துதான் விழுந்தது. சாக்பீஸ் உடைவது போல ஒரு சின்னச் சத்தம். குனிந்து பார்த்தால் இரண்டு துண்டு. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், கற்கண்டு போல மினுமினுத்தது.

இரும்பு உடையும் என்பதையே நான் அதுவரை அறிந்ததில்லை. அப்பா நாலு நாள் உழைத்ததைக் கெடுத்துவிட்டேன் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. ஒன்று இப்படி உடைந்தால் மற்ற பதினொன்றும் இப்படித்தானே உடையும் என்று பன்னிரண்டு வயது மூளைக்குத் தோன்றவில்லை. பெரிய ஆட்களுக்கும் தோன்றாததற்குக் காரணம் இருந்தது. பூட்டு வளையத்தை யாரும் பிடித்து இழுத்து அதிர வைப்பதில்லை, அறுக்கத்தான் பார்ப்பார்கள். அதற்குக் கடினம் போதும். அதிர்ச்சி தாங்கவேண்டிய இரும்பைத் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகு இளஞ்சூட்டில் மறுபடி வாட்டிக் கொஞ்சம் இளக்க வேண்டும். பூட்டுக்காரருக்கு அந்த வேலை தேவைப்பட்டதே இல்லை.

உடைந்த துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டேன். தள்ளுபடிப் பெட்டியில் பழைய பச்சை இரும்பு ஆணிகளில் நேராக இருந்த ஒன்றை எடுத்து, எண் அடிக்கும் அச்சை வைத்துத் தலையில் எட்டு என்று அடித்தேன். அவசரத்தில் எட்டு சாய்ந்துவிட்டது. எண்ணெய் தடவி, புகை காட்டி, ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பையில் போட்டேன். அன்றைய காலண்டர் தாளில் எதுவும் எழுதவில்லை.

மறுநாள், சித்திரைச் சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் கூகைப்பாறையின் அடியில் நின்றோம். கீழிருந்து கயிறு பிடிக்க அப்பா, தண்ணீர்க் குடத்துடன் நான். ஆடு ஓட்டி வந்த பேச்சியம்மா என்கிற பெண் தொரட்டியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏப்பா வாத்தியாரே, மேல என்ன கோழிக்குஞ்சா பிடிக்கப் போற?"

"சும்மாதான் ஆத்தா. ஏறிப் பாக்கணும்."

"சும்மா ஏறுறதுக்கா இம்புட்டு இரும்பு?" என்றவர், அப்பாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கூகை பகல்ல கத்துதுப்பா. என் ஆடெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குது. நீ பாக்கலையா?"

அப்பா கயிற்றை இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டார்.

உளியைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆணி இறங்கியதும் சித்தப்பா எண்ணைச் சொல்லிக் கத்துவார். அப்பா "ஆங்" என்பார். ஏழு. வெயில் பாறையில் ஏறியது. எட்டு என்று அவர் கத்தியபோது நான் தண்ணீர்க் குடத்தை இறுகக் கட்டிக்கொண்டேன். மற்றதெல்லாம் நல்ல ஆணி, இது ஒன்றுதான் கள்ள ஆணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எட்டைத் தாண்டி ஒன்பதை இறக்கிக் கயிறு மாட்டியதும் பெருமூச்சு விட்டேன். இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

ஒன்பதுக்கு மேலே இரண்டு ஆள் உயரம் போயிருப்பார். கால் வைத்த இடத்தில் கூகை எச்சம் வழுக்கியது. முதலில் செருப்பு வந்தது, பின்னால் அவர் வந்தார். ஒரு நொடி ஒன்பதாவது ஆணி அவரைப் பிடித்தது. பிறகு நான் மட்டும் ஏற்கெனவே கேட்டிருந்த அந்தச் சத்தம், சாக்பீஸ் உடையும் சத்தம், பாறை முழுவதும் எதிரொலித்தது. அப்பா முழங்காலில் விழுந்தார், கயிறு அவர் உள்ளங்கையைத் தோலோடு வழித்துக்கொண்டு ஓடியது. அப்புறம் கயிறு நின்றது. மேலே எட்டாவது ஆணி கீழ்நோக்கி வளைந்து, தலையைத் தொங்கப்போட்டு, சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவரை மெல்ல இறக்கினோம். தோளில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து குடத்துத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். பிறகு அப்பாவின் ரத்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் இரும்பு என்னைய விடலண்ணே" என்றார்.

"ஒம்போது தெறிச்சுப் போச்சேடா."

"அது பாறைக் கோளாறு. அங்க கல்லு பொத்தல், அதான் ஆணி சாஞ்சு ஒடைஞ்சிருக்கு. எட்டு நின்னுச்சா இல்லையா?"

அப்பா மேலே பார்த்தார். அவர் கண் நிரம்பியிருந்தது. "வளைஞ்சாலும் விடாது, என் இரும்பு" என்றார். அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு இடத்தில் துளை போட்டு ஒன்பதாவது ஆணியை மாற்றி, சித்தப்பா வடக்கு முகத்தின் உச்சிக்குப் போனார். அதன்பிறகு இன்னும் ஆறு பாறைகளில் ஏறினார். எல்லாவற்றிலும் அப்பாவின் துவைச்சல் போட்ட ஆணிகள். அவர் ஏறிய ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் திரும்பி வந்தார். அதன்பின் ஒருதரம்கூட அவர் விழவில்லை என்பதால்தான் அந்த இரும்பின் குணம் யாருக்கும் தெரியாமல் போனது. அப்பா கடைசிவரை தன் இரும்புதான் தம்பியைக் காத்தது என்று நம்பியே கண்ணை மூடினார்.

ஓய்வு பெற்ற பின் சித்தப்பா தன் நோட்டுகளைச் சிறு நூலாக்கினார். ஏழு பாறைகளின் படங்களும், ஆணிகளின் இடங்களும், ஏறும் வழிகளும் அதில் உண்டு. அச்சுக்குப் போகும் முன் என்னிடம் கொடுத்தார். "ஏத்தா லூர்து, தேதியெல்லாம் உன் டப்பாவை வச்சுச் சரிபாத்துக் குடு." பார்த்தேன். மூன்று இடத்தில் கிழமை தவறு, ஒரு இடத்தில் மாதம் தவறு. திருத்தினேன். கூகைப்பாறை அத்தியாயத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "பாறைக்கு ஏற்ற இரும்பு பூட்டுப் பட்டறையில் துவைச்சல் போட்ட இரும்பே. என் உயிரை வைத்துச் சோதித்துச் சொல்கிறேன்." அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். திருத்தினால் அப்பாவின் ஒரே பெருமை போய்விடும். சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, இனி யார் ஏறப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வரி அப்படியே அச்சாகியது. சித்தப்பா இரண்டு வருடம் முன்பு படுக்கையில், தூக்கத்தில் போனார்.

இதற்கிடையில் பாறைகளும் போகத் தொடங்கின. முதலாவதில் கல் குவாரி வந்தது, பின் அடுத்ததில், பின் அதற்கடுத்ததில். அவர் விரலால் தொட்டு வரைந்த முகங்கள் ஜல்லியாகி லாரியில் போயின. ஊரில் பலர் மனம் வெதும்பினார்கள். நான் ஒவ்வொரு பாறை போனபோதும் டப்பாவைத் திறந்து அதன் ஆணிகளின் எண்ணிக்கையை அடித்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். ஆறு பாறைகள் போய்விட்டன. கூகைப்பாறை மட்டும் நிற்கிறது.

போன வாரம் என் பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் ஒரு படம் காட்டினாள். கூகைப்பாறையின் வடக்கு முகத்தில் வண்ண வண்ணக் கயிறுகள், தலைக்கவசம் போட்ட பிள்ளைகள். கூடவே சித்தப்பாவின் நூலில் உள்ள பென்சில் படம். ஞாயிறு காலைப் பூசையைக்கூட விட்டுவிட்டு, உடைந்த இரண்டு துண்டுகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நிவேதா என்ற பெண் பாதிச் சுவரில் இருந்தாள். கீழே கயிறு பிடித்திருந்த பையன் பிரவீன். நான் யாரென்று சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"அம்மா, உங்க சித்தப்பா வேற லெவல். அந்தக் கால ஆணி, இன்னைக்கும் ஒண்ணுகூட அசையல. சும்மா கம்பி மாதிரி நேரா நிக்குது. எட்டாவதா ஒண்ணு மட்டும் வளைஞ்சு தொங்குச்சு. டேஞ்சரா இருக்கேன்னு அதை மட்டும் போன வாரம் புடுங்கிட்டோம்."

"புடுங்கிட்டீங்களா?"

"ஆமாம்மா. தலையில கோணலா ஒரு எட்டு போட்டிருக்கு. ஞாபகமா இருக்கட்டும்னு வீட்டுல சாவி மாட்ட அடிச்சு வச்சிருக்கேன்."

நான் கைப்பையைத் திறந்து பெரிய துண்டை எடுத்து, காலடியில் கிடந்த பாறையின் மேல் போட்டேன். அது மறுபடியும் உடைந்தது. அதே சத்தம். பிரவீன் குனிந்து பார்த்தான், பிறகு மேலே பார்த்தான்.

"நிவி," என்றான், கத்தாமல். "எதுலயும் தொங்காத. கயிறை இழுக்காத. கல்லைப் பிடிச்சே மெதுவா எறங்கி வா."

"ஏன்டா, என்னாச்சு?"

"வா, சொல்றேன்."

அவள் ஒன்பதுக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்தாள். அங்கே இப்போது ஒரு துளை மட்டும் இருக்கிறது, துரு வடிந்து சிவந்த துளை. பேச்சியம்மா இன்று இல்லை, ஆடுகள் இல்லை, கூகைகளும் குவாரி வெடிக்குப் பயந்து எப்போதோ போய்விட்டன. அவற்றின் வெள்ளைத் தடம் மட்டும் பாறையில் கிடக்கிறது. எச்சரிக்கக் கத்துவதற்கு அங்கே வேறு எதுவும் மிச்சமில்லை. அவள் ஒரு காலை எடுத்து, தேடி, வைத்து, அடுத்த காலை எடுத்து இறங்கி வரும்வரை நான் ஏழு, ஆறு, ஐந்து என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று என்று எண்ணி, அவள் கால் தரையைத் தொட்ட பிறகுதான் என் கை மடியிலிருந்து விலகியது.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அந்தச் சித்திரை வெள்ளிக்கிழமையின் வெற்றுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் அதில் இரண்டு வரி எழுதினேன். பிறகுதான் இந்தக் கட்டுரை. கூகைப்பாறையில் இன்னும் பதினொரு ஆணிகள் நேராக நிற்கின்றன. அவற்றை நம்பாதீர்கள்.