மொகிலி மலையில் இறங்காமல்

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் அவரை டோசர் பர்னபாஸ் என்றுதான் சொல்வார்கள். தொழிற்சாலையில், மண் தள்ளும் டோசர் வண்டிகளின் இன்ஜின்களைப் பூட்டி, ஓடவிட்டு, காதுகொடுத்துக் கேட்டு அனுப்புவது அவர் வேலை. அவருக்கிருந்த ஒரே ஆடம்பரம், ஊரைவிட்டுப் போன சுரங்க அதிகாரி ஒருவர் விற்ற பழைய ஆறு சிலிண்டர் செவர்லே கார்.

வேலூரில் அவர் மனைவி பியாட்ரிஸின் தங்கை வீடு. காரில் அங்கே போய்வருவது இருவருக்கும் திருவிழா. போகும்போது இறக்கம். திரும்பும்போது மொகிலி மலையின் கடைசி வளைவுகளில் வண்டி திணறும். பியாட்ரிஸ் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டி நகர நகரக் கல்லோடு பின்னாலேயே நடப்பாள். மேலே வந்து ஏறி உட்கார்ந்ததும், தன்னால்தான் வண்டி ஏறியது என்று அவரைச் சீண்டுவாள்.

தொண்ணூற்றேழில் அவளுடைய இதய வால்வு பழுதாகிவிட்டதாக வேலூர் டாக்டர் சொன்னார். மாதம் ஒருமுறை வர வேண்டும், மேடு ஏறவே கூடாது என்றார். பஸ் நெரிசலில் அவளுக்கு மூச்சு முட்டியதால் காரிலேயே போனார்கள். திரும்பும்போது வண்டி மலையில் நின்றது. பழக்கத்தில் கதவைத் திறந்து இறங்கியவள், இரண்டடி வைத்ததும் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜின் சூடு ஆறும்வரை பர்னபாஸ் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். இனி அவள் அங்கே இறங்கக் கூடாது என்று முடிவு செய்தது அப்போதுதான்.

டோசருக்கு டர்போ உண்டு. இன்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்ற, அது காற்றை உள்ளே திணிக்கும், பலம் கூடும். கிழட்டுக் காருக்கும் அதை வைத்தால் என்ன? பெங்களூரின் பழைய இரும்புக் கடையிலிருந்து சின்ன லாரி ஒன்றின் டர்போவைக் கொண்டுவந்தார். குழாய் வளைப்பதிலும் வெல்டிங்கிலும் ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்தன. அவர் பூசைக்கு வராததற்கு ஃபாதரிடம் பியாட்ரிஸ்தான் சமாதானம் சொன்னாள்.

அடுத்த பயணத்தில் கார் மலையில் பாய்ந்தது. முதல் வளைவு தாண்டியதும் பியாட்ரிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இன்னாங்க சத்தம் அது? உள்ள யாரோ பாக்கு இடிக்கிற மாதிரி கீது."

"அது பலம், பியா. டோசரெல்லாம் இப்படித்தான் பேசும்."

"இது டோசரா?"

அவர் சிரித்துக்கொண்டே மிதித்தார். காலமெல்லாம் டீசல் இன்ஜினின் தட்டலைக் கேட்டு, அதையே ஆரோக்கியம் என்று பழகிய காது. பெட்ரோல் இன்ஜின் அப்படித் தட்டினால் உள்ளே தீ முந்திக்கொண்டு வெடிக்கிறது என்று பொருள். அது அவருக்குத் தெரியும். அவர் காதுக்குத்தான் தெரியவில்லை. கடைசி வளைவுக்கு முன்பே நீலப்புகை கிளம்பி வண்டி நின்றது. ஒரு பிஸ்டனில் ஓட்டை. காலித் தக்காளிப் பெட்டிகளோடு வந்த லாரி ஒன்று கயிறு கட்டி மேலே இழுத்தது. தான் இறங்கவில்லையே என்று பியாட்ரிஸ் ஆறுதல் சொன்னாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

பிஸ்டனை மாற்றினார். அந்தத் தட்டல் வராமலிருக்கத் தடித்த கேஸ்கெட் போட்டார், தீப்பொறியைப் பிந்தவைத்தார், டர்போவின் அழுத்தத்தைக் குறைத்தார். ஆனாலும் தன் காதை நம்ப மனம் வரவில்லை.

"இனிமே நீதான் கேக்கணும். பாக்கு இடிச்சா சொல்லு."

"சொன்னா கேப்பீங்களா?"

"கேக்கறேன்."

அடுத்த முறை திரும்பும்போது, மலை தொடங்கியதும் பியாட்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் கை வைத்தாள். கை அழுந்தும்போதெல்லாம் அவர் காலைத் தளர்த்தினார். வண்டி பாயவில்லை, ஆனால் எங்கும் நிற்கவில்லை. மலைக்கு மேலே பலமநேர் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அவள் இருந்த மிச்ச இரண்டு வருடமும் அப்படித்தான் போய்வந்தார்கள்.

முதன்முதலாக அப்படி ஏறிவந்த சாயங்காலம், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். டர்போ சூடு தணியச் சற்று நேரம் இன்ஜினை ஓடவிட்டே அணைக்க வேண்டும். அதற்குள் பியாட்ரிஸ் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சூடு தணிந்தது. சட்டென்று சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாளோ என்று அவருக்குச் சாவியைத் திருப்ப மனமில்லை. பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.